படத்தில் விழாத வலி

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக் கிழக்கு ஜன்னல் கம்பியில், துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி, அம்மா ஒரு எக்ஸ்ரே பிலிமைத் தொங்கவிட்டிருந்தாள். அண்ணன் மனைவியின் கணுக்கால். காலை வெயில் பின்னால் விழும்போது எலும்புகள் வெள்ளை வெளேரென்று தெரியும். வீட்டுக்கு வந்த யாரையும் அம்மா அதைக் காட்டாமல் அனுப்பியதில்லை. "நல்லாப் பாருங்க. எங்கனயாவது ஒரு கீறல் இருக்கா? எலும்பு கல்லு மாதிரி இருக்கு. இவ என்னன்னா காலை ஊன மாட்டேங்கா." வந்தவர்களுக்கும் எலும்பைப் பற்றி என்ன தெரியும்? பார்த்தார்கள், தலையாட்டினார்கள், காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். உள்ளே தையல் மெஷின் முன்னால் மதினி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள்.

பனவடலிசத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மதினிக்குக் கால் மடங்கியது. வீக்கம் வடிந்தது, வலி வடியவில்லை. மெஷினை மிதித்தால் கணுக்காலுக்குள் ஏதோ சிக்கிக்கொண்டு குத்துகிறது என்பாள். அந்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வழக்கம்போல மாமியாரும் மருமகளும் கோயிலைச் சுற்றக் கிளம்பினார்கள். மதினி பாதியிலேயே ரதவீதி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கோயில் அம்மனே ஒற்றைக்காலில் நின்று தவம் இருந்த ஊரில் இவளுக்கு இரண்டு கால் போதவில்லையா என்று அம்மா வீடு வந்து சேரும்வரை பேசினாள். என் அம்மா கெட்டவள் இல்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புகிறவள், அவ்வளவுதான். அவள் கண்ணுக்குக் கிடைத்ததோ அந்தப் பிலிம்.

திருநெல்வேலியில் எலும்பு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும். எலும்புக்கு மேல் உறை போட்ட மாதிரி இருக்கும் குருத்தெலும்பு அதில் விழாது. வெளிப்புறத் தசைநார் கிழிந்திருந்தால் வயிற்றுக்குப் பார்ப்பது போன்ற அல்ட்ராசவுண்டிலேயே தெரிந்துவிடும், ஆனால் மூட்டின் உள்பக்கம் அதற்கு எட்டாது. சி.டி. எடுத்தால் எலும்பின் சின்ன உடைசல்கூடத் தப்பாது. குருத்தெலும்பையும் அதற்கு அடியில் எலும்புக்குள் நீர் கோத்திருப்பதையும் பார்க்க எம்.ஆர்.ஐ.தான் சரி. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நர்ஸ் வந்து, எம்.ஆர்.ஐ. என்றால் கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றவேண்டும் என்றதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"எம் பிள்ளை குத்துக்கல்லா உக்காந்திருக்கான். அவ மெட்டியக் கழத்தவா? அந்த சி.டி.க்கு மெட்டியக் கழத்த வேண்டாம்லா? அதையே எடுங்க." டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இரண்டும் அதே வளையத்துக்குள் படுக்கவைக்கிற மெஷின்தானே என்று அம்மா கத்தரிக்காய் வாங்குவது போல பேரம் பேசினாள். கடைசியில் சி.டி. எடுத்தோம். அதிலும் உடைசல் ஒன்றும் இல்லை. ஊர் திரும்பியதும் ஜன்னலில் இரண்டாவது படம் ஏறியது.

அம்மாவைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா இறந்தபோது பெண்கள் சூழ்ந்து உட்கார்ந்து அவள் காலிலிருந்து மெட்டியைக் கழற்றியதை நான் பார்த்திருக்கிறேன். மெட்டி இருந்த இடத்தில் விரல் வெளுத்துப்போய்க் கிடந்தது. அம்மா காலைச் சேலைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவள் முன்வரிசையில் வந்து நின்றதில்லை.

ஒருநாள் விடியற்காலை. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று நினைத்து, மதினி அடுக்களையிலிருந்து புறவாசலுக்கு முழங்காலால் தவழ்ந்து போனாள். கழுவ வேண்டிய பாத்திரங்களைக் கையால் ஒவ்வொன்றாக முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, பின்னாலேயே தவழ்ந்தாள். முனகல்கூட இல்லை. அம்மா படுத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரும் பார்க்காதபோது யாருக்காக நடிக்கப் போகிறாள்? அம்மா அண்ணனை உலுக்கி எழுப்பினாள். "ஏலே, எந்தி. காரை வரச்சொல்லு. அந்த இன்னொரு படத்தை எடுத்துருவோம்." அண்ணன் மெட்டியைப் பற்றி ஏதோ இழுத்தான். "நீ போட்டதுதானல? நீயே கழத்து" என்றாள்.

ஸ்கேன் சென்டரில் அண்ணன் தரையில் உட்கார்ந்து மதினியின் காலை மடியில் வைத்துக்கொண்டு கழற்றினான். விரல் தடித்திருந்ததால் சோப்பு போடவேண்டியிருந்தது. அம்மா சுவரோரம் வேறு பக்கம் திரும்பி நின்றாள். மெட்டிகளை என்னிடம் கொடுக்க அண்ணன் கை நீட்டியபோது மதினி அவற்றை வாங்கி, "அத்தை, நீங்க வச்சிருங்க" என்றாள். அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "நான் தொடக்கூடாதுட்டி." மதினி விடவில்லை. அவள் கையைப் பிடித்து விரித்து, உள்ளே வைத்து மூடினாள். அந்த மெஷின் தடதடவென்று சத்தம் போட்டு முடிக்கும்வரை அம்மா மூடிய கையைத் திறக்கவில்லை.

கணுக்கால் மூட்டுக்குள், பாத எலும்பின் முகட்டில் குருத்தெலும்பு ஓரிடத்தில் பெயர்ந்து, அடியில் எலும்புக்குள் நீர் கோத்திருந்தது. டாக்டர் கம்ப்யூட்டரில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இதோடயா இவ்வளவு நாளும் மெஷின் மிதிச்ச?" என்று அம்மா மதினியிடம் கேட்டாள். சின்னத் துளை போட்டு ஆபரேஷன் செய்தார்கள். அடுத்த வருஷம் ஆடிக்கு மதினி மெதுவாகச் சுற்றினாள், அம்மா அவளைவிடவும் மெதுவாகச் சுற்றினாள். அதன்பிறகு தெருவில் யாருக்குக் கால் பிசகினாலும் அம்மாவின் பிரசங்கம்தான். "எக்ஸ்ரேயை நம்பாதீங்க. அதுல எலும்பு மட்டுந்தான் தெரியும், உறை தெரியாது." டாக்டரே தோற்றுப்போவார். நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம்.

இப்போது அம்மா இல்லை. தாலுகா ஆபீஸிலிருந்து திரும்பி நான் வீட்டுக்குள் நுழையும்போது அந்தப் பிரசங்கம் காதில் விழாதது இன்னும் பழகவில்லை. கடைசி வருஷத்தில் அவளுக்கு இடுப்பிலிருந்து கால்வரை வலி. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை, வயசுதான் என்று சொல்லிவிட்டார்கள். படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அண்ணன், "ஒண்ணும் இல்லன்னுதானம்மா சொல்லுதாங்க" என்றான். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மதினி அந்தப் படங்களை அண்ணன் கையிலிருந்து வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். "அத்தைக்கு வலிக்குன்னா வலிக்கி. படம் எதுக்கு?" என்றாள். தைலத்தை எடுத்துக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தாள். அம்மா கண்ணைத் திறக்காமலேயே காலை அவள் மடிப்பக்கமாக நகர்த்தி வைத்தாள்.