பார்சிப்பனியிலிருந்து சிராக்யூஸுக்கு: 221 மைல், இரண்டே இரண்டு பனி டயர்

முதலிலேயே கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். பார்சிப்பனி பக்கம் உங்களுக்குத் தெரிந்த ஆன்ட்டி யாராவது இருந்தால் தயவுசெய்து ஃபார்வர்ட் பண்ணாதீர்கள். இங்கே காலையில் ஒரு மெயில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் எல்லா வீட்டு அடுப்பங்கரைக்கும் வந்துவிடும். நான் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். அம்மா தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுதுகிறேன். பனிக்காலத்தில் சின்ன ஹைப்ரிட் காரில் வடக்கே போக நினைப்பவர்களுக்கு இது உதவும்.

2007 ஆகஸ்டில் அப்பாவின் ப்ராஜெக்ட் இங்கே முடிந்துபோனது. அடுத்தது சிராக்யூஸில் கிடைத்தது. என் பள்ளிக்கூடத்துக்காக நானும் அம்மாவும் இங்கேயே இருந்துவிட்டோம். காரையும் எங்களுக்கே விட்டுவிட்டு அப்பா பஸ்ஸில் போனார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பஸ்ஸிலேயே வந்துகொண்டும் இருந்தார். நவம்பரில் சனி, ஞாயிறும் வேலை என்று ஆனபிறகு வரமுடியவில்லை. தினமும் எட்டு மணிக்கு ஃபோன் வரும். ஜியாமெட்ரி கணக்கென்றால் அவர் அங்கே ஒரு தாளில் வரைவார், நான் இங்கே ஒரு தாளில் வரைவேன். இரண்டும் ஒரே மாதிரி வந்திருக்கிறதா என்று வாயால் சொல்லிச் சொல்லி ஒத்துப் பார்ப்போம். என் தாளை அவர் பார்த்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. நாங்களே வருகிறோம் என்று அம்மா சொன்னாள். அப்பா ரொம்ப யோசித்துத்தான் ஒத்துக்கொண்டார். ஸ்பீக்கரில் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பனி டயர் போடாம வராதீங்க. ஒரு தடவை வண்டி ஸ்கிட் ஆச்சுன்னு தெரிஞ்சாக்கூட ஏப்ரல் வரைக்கும் நான் வரவே விடமாட்டேன்."

இனி டயர் விஷயம். எங்கள் காரோடு வந்த டயர்கள் மைலேஜுக்காகச் செய்தவை. 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 7 செல்சியஸுக்குக் கீழே போனால் அந்த ரப்பர் விறைத்துப்போகும். பனி டயரின் ரப்பர் குளிரிலும் மெத்தென்று இருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். பக்கவாட்டில் மலைக்குள் நட்சத்திரம் மாதிரி ஒரு பனிச்செதில் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கார் 185/65, 15 இஞ்ச். இந்த அளவு நவம்பர் கடைசியில் கிடைக்காது. அக்டோபரிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

நாங்கள் சொல்லிவைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ரூட் 46-இல் ஒரு கடைக்குப் போனோம். அந்த அளவில் இரண்டே டயர்தான் இருந்தன. இன்னும் இரண்டு வேண்டுமென்றால் புதன்கிழமை என்றார்கள். அம்மா அசரவில்லை. எடிசனில் இருக்கும் ஒரு அங்கிள், முன் சக்கரம் இழுக்கிற வண்டிக்கு முன்னால் இரண்டு போட்டாலே போதும் என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருந்தார். அவர் வீட்டு வாசலில் சரிவாக இருக்கும் டிரைவ்வேயில் கார் ஏற மறுத்ததும், முன்னால் இரண்டு மாற்றியதும் ஏறியதும் படத்தோடு இருந்தது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியும். மெதுவாகப் பேசினால் எல்லாம் புரியும். ஆனால் அந்தக் கடையில் நட்டு கழற்றுகிற மெஷின் காதைக் கிழித்தது, மெக்கானிக்கும் வேகமாகப் பேசுகிறவர். வங்கி, பல் டாக்டர், பள்ளிக்கூடம், எங்கே போனாலும் நான்தான் நடுவில் நிற்பேன். அன்றைக்கும் நின்றேன். அவர் கையை நீட்டிக் காரைக் காட்டிச் சொன்னார்: நாலும் போடு, இல்லையென்றால் ஒன்றும் போடாதே. முன்னால் மட்டும் பிடிப்பு இருந்தால், வளைவில் பின்பக்கம் தானாகச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். இரண்டுதான் இருக்கிறது என்றால் அதைப் பின்னால் போடவேண்டும். அப்போதும் மலைப்பக்கம் போகாதே.

"என்னடி சொல்றான் அந்த ஆளு?" என்று அம்மா கேட்டாள்.

"நாலு இருந்தா நல்லதாம்மா. ரெண்டும் ஓகேதானாம்."

இவ்வளவுதான் சொன்னேன். அவர் ஒரு தாளை நீட்டினார், தன் பேச்சைக் கேட்காமல் முன்னால் போடச் சொன்னோம் என்று. அதையும் கியாரண்டித் தாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கையெழுத்துப் போட்டாள். டயர் ஒன்று 92 டாலர், மாட்டிச் சமன்படுத்த ஒன்றுக்கு 15, வரியோடு 228 டாலர் 98 சென்ட்.

வேலை முடிந்தபோது மணி 10:35. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். சென்னைக் காலண்டர் சொல்கிற ராகுகாலம் நியூ ஜெர்ஸிக்கும் பொருந்துமா என்று கேட்டதற்கு, "ராகுவுக்கு ஏதுடி விசா?" என்றாள் அம்மா. கடை பார்க்கிங்கிலேயே ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தோம். அந்த ஒன்றரை மணி நேரம் எங்களை வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குத் தள்ளிவிட்டது. நல்ல நேரம் பார்க்கிறவர்கள் சூரியன் எப்போது மறைகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே நாலரைக்கு இருட்டிவிடும்.

12:05-க்குக் கிளம்பினோம். ஐ-80 நெடுஞ்சாலையில் மேற்கே, டெலவேர் ஆற்றுப் பாலத்தில் டோல் முக்கால் டாலர். பிறகு 380. ஸ்க்ராண்டன் தாண்டி ஓரிடத்தில் நிறுத்திப் புளியோதரை சாப்பிட்டோம். அதன்பிறகு ஐ-81 வடக்கே நேராக. பிங்ஹாம்டன் வரை ரோடு காய்ந்து கிடந்தது. மைலேஜ் வழக்கமான 47-லிருந்து 41-க்கு இறங்கியிருந்தது. பனி டயர் போட்டால் அப்படித்தான் ஆகும், பயப்படவேண்டாம்.

3:50-க்குப் பனி ஆரம்பித்தது. அங்கே வடக்கே இருக்கிற பெரிய ஏரியின் பக்கத்திலிருந்து பனி ஒரு திரை மாதிரி வரும். ஒரு மைலுக்கு முன்னால் வெயில், அடுத்த மைலில் ஒன்றும் தெரியாது. அம்மா நாற்பதுக்குக் குறைத்தாள். மேடு நன்றாக ஏறியது. "பாத்தியா, அங்கிள் சொன்னது சரிதான்" என்றாள். அந்த மேடு இறங்கும்போது ஒரு வளைவு. அம்மா பிரேக்கை லேசாகத்தான் தொட்டாள். முன்பக்கம் நின்றது, பின்பக்கம் நிற்கவில்லை. மெக்கானிக் கையை நீட்டிக் காட்டினாரே, அதே மாதிரி முதுகுக்குப் பின்னால் இருந்த சாலை என் ஜன்னலுக்கு வந்தது. அம்மாவின் வலது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு என் மார்பைப் பிடித்துக்கொண்டது. போகிற ரோட்டுக்கும் வருகிற ரோட்டுக்கும் நடுவில் இருந்த புல் பள்ளத்தில், வந்த திசையைப் பார்த்தபடி கார் நின்றது. பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே கடந்து போயிற்று. நாங்கள் சுற்றியபோது அது அந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஐம்பது நிமிடம் காத்திருந்த பிறகு இழுவை வண்டி வந்தது. 85 டாலர், கையில் பணமாக. டிரைவர் வயதானவர். டார்ச் அடித்து முன் டயரைப் பார்த்தார், பின் டயரைக் காலால் தட்டினார். இதை யார் மாட்டினார்கள், அந்தச் சின்னப்பெண்ணை ஏற்றிக்கொண்டு இப்படி வரலாமா என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "பத்திரமா போகச் சொல்றார்மா" என்றேன்.

கார் திரும்பக் கிளம்பியதும் அம்மா சொன்னாள், "அப்பாகிட்ட மூச்சு விடாத. நிஜமாவே வர விடமாட்டார்." கொஞ்ச தூரம் போனபிறகு, "வண்டி மேல தப்பில்லடி. எனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்றாள்.

6:40-க்குப் போய்ச் சேர்ந்தோம். அப்பா ஸ்வெட்டரும் வீட்டுச் செருப்புமாக வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். தலையில் பனி. எவ்வளவு நேரம் நின்றாரோ. குனிந்து முன் டயரைத் தொட்டுப் பார்த்து, "சூப்பர் டயரா இருக்கே, யார் செலக்ட் பண்ணது?" என்றார். "உங்க பொண்ணுதான் கடையில பேசினா" என்றாள் அம்மா. அப்பா என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

ஒரே அறை, ஒரு காற்று மெத்தை. மூன்று பேரும் குறுக்காகப் படுத்தோம். சனிக்கிழமை அவர் வேலைக்குப் போய் மூன்று மணிக்கே ஓடிவந்தார். ஒரே மேஜையில், ஒரே தாளில் ஒரு வட்டமும் தொடுகோடும் போட்டோம். அவர் பென்சிலை வாங்கும்போது விரல்கள் சில்லென்று இருந்தன. அதை ஃபோனில் தெரிந்துகொள்ள முடியாது. சிராக்யூஸில் என்ன பார்க்கலாம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, வேறெங்கும் போகவில்லை. ஞாயிறு காலை அவர் காரின் பனியைச் சுரண்ட வந்தார். பின்பக்கத்தை நான் சுரண்டுகிறேன் என்று அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். திரும்பும்போது உப்புப் போட்டு ரோடு சுத்தமாக இருந்தது, மூன்று மணி ஐம்பது நிமிடம்.

அதற்குப் பிறகு அம்மா தினமும் என்னைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஒரு காலிப் பார்க்கிங்கில் பிரேக் பிடித்துப் பழகுகிறாள். தன் கால்தான் சரியில்லை என்று நம்புகிறாள். நாளை மூன்று மணிக்கு மறுபடி கிளம்புகிறோம். அங்கே எட்டு இஞ்ச் பனி வரும் என்று சொல்கிறார்கள். இன்றைக்குப் பள்ளியிலிருந்து டயர் கடைக்கு ஃபோன் செய்தேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் அந்தப் புதனே வந்திருக்குமாம். இப்போது அந்த அளவு ஜனவரியில்தான். நாளை போகாவிட்டால் அப்பாவை ஜனவரி வரைக்கும் பார்க்க முடியாது. உண்மையைச் சொன்னால் ஏப்ரல் வரைக்கும்.

ஆகவே போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நாலு டயரும் மாற்றுங்கள். நாலும் கிடைக்காவிட்டால் அந்த வாரம் போகாதீர்கள், யார் காத்திருந்தாலும். காரில் ஒரு போர்வையும் டார்ச்சும் நூறு டாலர் பணமும் வையுங்கள். கடையில் உங்கள் பிள்ளை நடுவில் நின்று பேசினால், மெக்கானிக்கின் முகத்தை நீங்களும் பாருங்கள். நீங்கள் போகிற ஊரில் பிள்ளைக்கு யாராவது இருந்தால், மெக்கானிக்கை மெதுவாகப் பேசச் சொல்லி நீங்களே இரண்டாம் தடவை கேளுங்கள்.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரிதான். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். உன் கால் மேல் தப்பில்லைம்மா என்று ஆரம்பித்தால் மீதி வந்துவிடும் என்று தோன்

கதவைத் தட்டுகிறாள். உள்ளே வா என்று சொல்லிவிட்டேன். மானிட்டரை அணைக்கவில்