தவக்காலத்து ஒப்பட்டு

போன வருடம் என் கணவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு வந்தது. நூறுக்குள் இருக்க வேண்டும். நூற்று இருபத்தாறைத் தொட்டால் வியாதிக் கணக்கில் சேர்ந்துவிடும் என்றார் டாக்டர். கணவரின் அண்ணன் சர்க்கரையால் ஒரு காலை இழந்தவர். பயந்துபோனேன். பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, பெங்களூர் அல்சூர்ப் பக்கத்துத் தேவாலயத்திலிருந்து நெற்றிச் சாம்பலோடு வந்தவர், "ஈஸ்டர் வரைக்கும் இனிப்பு தொடமாட்டேன்" என்றார். ஆண்டவரை நம்பலாம். ஆண்டவருக்கு இவர் கொடுக்கும் வாக்கை எப்படி நம்புவது?

அதனால் வீட்டுக்கு வந்த இனிப்பையெல்லாம் நானே தீர்த்துக்கட்டினேன். யுகாதிக்கு எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா ஒரு தட்டு நிறைய ஒப்பட்டு, அதாவது நம் போளி, கொடுத்தனுப்பினார். திருப்பி அனுப்பினால் அவர் முகம் வாடும். வைத்திருந்தால் இவர் கை நீளும். அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன். இவர் எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்காகத்தான் சாப்பிடறேன்" என்றேன்.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில், இவருடைய சர்க்கரை டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கப் போனோம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும்தான். இவர் எதிரில் காபி குடிப்பானேன் என்று நானும் பட்டினி. ஊசியைப் பார்த்து இவர் முகம் சுளிக்க, "இதுக்கா பயம்?" என்று என் கையையும் நீட்டினேன்.

இவருக்குத் தொண்ணூற்றாறு. எனக்கு நூற்று முப்பத்தொன்று.

"மாத்திக் குடுத்துட்டாங்க, டாக்டர். ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன்."

"சாப்பிடாட்டியும் விடிகாலையில ஈரலே சர்க்கரையை ரத்தத்துல விடும், மேடம். இன்சுலின் சரியா வேலை செஞ்சா அடங்கிடும். ஒரு டெஸ்ட்டை வெச்சு முடிவு பண்ண வேணாம். மறுபடியும் பார்ப்போம், மூணு மாச சராசரியும் சேர்த்து. அதுவரைக்கும் இனிப்பு வேணாம்."

ஆட்டோவில் இவர் அண்ணனின் கால் கண்ணிலேயே நின்றது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒரு கிண்டல்கூட இல்லாமல். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஈஸ்டருக்கு நாத்தனார் கேக் அனுப்பினார். சற்று நேரத்தில் இவரைக் காணோம். அடுப்படியை எட்டிப் பார்த்தேன். நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்காகத்தான் சாப்பிடறேன்" என்றார், வாய் நிறைய.

கேக்கைப் பிடுங்கினேன். வெறும் தட்டாகத் திருப்பித் தரக் கூடாதென்று நான் வைத்திருந்த யுகாதித் தட்டு அங்கேயே இருந்தது. மிச்சத்தை அதில் வைத்து, எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வரச்சொல்லி இவரையே அனுப்பினேன். அந்தக் கதவு திறக்கும்வரை வாசலில் நின்று இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.