கட்டிலுக்கு அடியில் இருந்த மெஷின்

1. பெயருக்கும் வயதுக்கும் நடுவில்

பெயரைச் சொன்னார். வயதைக் கேட்டேன். பதில் வருவதற்குள் ராயப்பன் அண்ணாச்சி என் எதிரே நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். தலை நெஞ்சில் சாய்ந்தது. குறட்டை அறை முழுக்கக் கேட்டது. திடீரென்று குறட்டை நின்றது, அதோடு மூச்சும் நின்றது. வயிறும் நெஞ்சும் ஏறித் தவித்தன, மூக்கில் காற்று இல்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஜெசிந்தா, தினமும் செய்கிற வேலைபோல அவர் தோளைத் தட்டினார். அண்ணாச்சி பெரிய மூச்சாக இழுத்துக்கொண்டு கண்ணைத் திறந்து, "அம்பத்திரண்டு" என்றார். நடுவில் தூங்கியதே அவருக்குத் தெரியவில்லை.

தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில், தூக்கத்தைப் பரிசோதிக்கும் ஸ்லீப் லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நர்ஸ் இல்லை. ஆனாலும் வருகிறவர்கள் எல்லாருக்கும் நான் சிஸ்டர்தான். என் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் பெண்கள், பழைய கேஸ்களை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். குணமாகிப் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்ததும் முதலில் நினைவுக்கு வந்தவர் இவர்தான்.

ஸ்லீப் ஆப்னியா என்றால் என்ன என்று லேபில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். மூளை பதறி எழுப்பும். மறுபடி தூங்கினால் மறுபடி அடைக்கும். இரவு முழுக்க இப்படி நடந்தால் பகலில் மனுஷன் நடைப்பிணம்.

2. லோடு வேன்

அண்ணாச்சி கீழவைப்பார்க்காரர். வாலிபத்தில் கடலில் சங்கு எடுத்தவர். பிறகு கடலை விட்டுவிட்டு மீன் லோடு வேன் ஓட்டினார். உட்கார்ந்தே பார்க்கிற தொழில், உடம்பு ஏறிக்கொண்டே போனது. சர்க்கரை வந்தது, கால் வீங்கியது. ஒருநாள் எட்டயபுரம் ரோட்டில் பட்டப்பகலில் ஸ்டியரிங்கிலேயே தூங்கி, வேனை ஒரு பாலத்துக் கட்டையில் மோதினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றோடு ஜெசிந்தா சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தால் எல்லாம் சரியாகும் என்று யாரோ சொல்லி எங்கள் சர்ஜனிடம் வந்தார்கள். சர்ஜன் சம்மதித்தார். மயக்க மருந்து கொடுக்கும் அனஸ்தீசியா டாக்டர் சம்மதிக்கவில்லை. எங்கள் லேபில் எடுத்த ஸ்லீப் ஸ்டடி ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவர் சொன்னது இதுதான்: சிபாப் மெஷின் போட்டுத் தூங்கிப் பழகட்டும், சில வாரங்கள் ஆக்சிஜன் அளவு நிலையாக நிற்கட்டும், அதற்குப் பிறகு தேதி பார்க்கலாம்.

மூக்கில் மாட்டும் மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றை அனுப்பி, தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் கருவி அது. பழகியவர்களுக்குச் சொர்க்கம். முதல் சில நாள் எல்லாருக்கும் நரகம்.

3. சூசை

அண்ணாச்சிக்கு அது வேறு மாதிரி நரகம். மாஸ்க்கை முகத்தில் வைத்ததுமே பிடுங்கி எறிந்தார். முகமெல்லாம் வியர்வை. மாஸ்க் சைஸ் சரியில்லை போல என்று மூக்கு நுனியில் மட்டும் நிற்கும் சின்ன மாஸ்க்கை மாற்றினேன். அழுத்தம் மெதுவாக ஏறும்படி செட்டிங்கை மாற்றினேன். அதையும் போட்டுக்கொண்டு கண் மூடாமல் படுத்திருந்தார். மாஸ்க் இருந்தால் தூக்கம் இல்லை, தூங்கினால் மாஸ்க் இல்லை.

ஒருநாள் மத்தியானம் ஜெசிந்தா மருந்து வாங்கப் போயிருந்தார். நான் சும்மா, முகத்தில் கண்ணாடி மாட்டிக் கடலில் முங்கினவருக்கு இது என்ன பெரிய விஷயம் என்று கேட்டேன். அவர் மெஷினைக் காட்டிச் சொன்னார்.

"இந்தச் சத்தம்தான் சிஸ்டர். கம்ப்ரசர் இதே மாதிரிதான் எரையும்."

சங்கு எடுக்கப் போகிறவர்கள் வள்ளத்தில் காற்றடிக்கும் கம்ப்ரசரை வைத்து, அதிலிருந்து வரும் ரப்பர் குழாயான ஓஸை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். நான் ஏரல் பக்கத்து வயக்காட்டுக்காரி, கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. அவர் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். அவரும் தம்பி சூசையும் ஒரே கம்ப்ரசரில் இரண்டு ஓஸ் போட்டு இறங்கியிருக்கிறார்கள். மேலே பெல்ட் அறுந்து கம்ப்ரசர் நின்றுவிட்டது. காற்று வரவில்லை. இவர் எப்படியோ மேலே வந்துவிட்டார். சூசை வரவில்லை.

"இது ஓடிட்டிருக்கும்போது நான் எப்படித் தூங்க? நின்னுருமோன்னு கேட்டுட்டேல்லா கெடக்கேன்."

அவருக்கு மாஸ்க் பயம் இல்லை, மெஷின் நின்றுவிடுமோ என்ற பயம். நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன். கரண்ட் போனாலும் வெளிக்காற்று வர மாஸ்க்கில் ஓட்டை இருக்கிறது என்று காட்டினேன். தலையை ஆட்டினார். அவர் கண்கள் நம்பவில்லை.

வழி கண்டுபிடித்தது ஜெசிந்தா. கடலில் ஓஸை மேலே ஒரு ஆள் பிடித்துக்கொண்டிருப்பார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். அடுத்த நாள் மத்தியானம் எங்கள் லேபிலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மெஷினிலிருந்து வரும் டியூபைக் கையில் பிடித்துக்கொண்டார். "நான் பிடிச்சிருக்கேன். நீங்க தூங்குங்க" என்றார், அவ்வளவுதான். அண்ணாச்சி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை இல்லாமல், மூச்சு நிற்காமல் தூங்கினார். மானிட்டரில் ஆக்சிஜன் இறங்கவே இல்லை. ஜெசிந்தா அழுதார், ஆனால் டியூபை விடவில்லை.

வீட்டிலும் அப்படியே தொடர்ந்தது. மத்தியானத்தில் ஆரம்பித்து இரவுக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் டியூபைப் பிடிக்க வேண்டிய அவசியமும் குறைந்தது. செக்கப்புக்கு வந்தபோது அண்ணாச்சியின் முகத்தில் தெளிவு வந்திருந்தது. பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தூங்காமல் படித்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

4. போன ஊர்

அனஸ்தீசியா டாக்டர் இன்னும் கொஞ்ச காலம் கேட்டார். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் வலது பக்கம் சோர்ந்திருந்தது. அது தேறட்டும், அவசரம் வேண்டாம் என்றார். அண்ணாச்சி மறுத்துப் பேசவில்லை. ஆனால் வெளியே போகும்போது என்னிடம், "எல்லாம் போட்டுப் பழகியாச்சே சிஸ்டர், இன்னும் என்ன?" என்று கேட்டார். டாக்டர் சொன்னதையே நானும் திருப்பிச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் உடனே தேதி கிடைக்கிறது என்று சொந்தக்காரர் ஒருவர் அழைத்துப் போனது எங்களுக்குத் தெரியாது.

பிறகு ஒருநாள் ஜெசிந்தா மட்டும் வந்தார், கறுப்புச் சேலையில். கையில் மெஷின் இருந்த பை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்துப் பேசினார், தண்ணீர் கேட்டார். சாயங்காலம் வலி தாங்காமல் முனகினார், ஊசி போட்டார்கள். நன்றாகத் தூங்குகிறார் என்று சொல்லி, கூட இருந்தவர்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உள்ளே ஆட்கள் ஓடினார்கள். அவர் மறுபடி கண் விழிக்கவில்லை.

மெஷினைக் கொண்டு போகவில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கொண்டுபோனோம் சிஸ்டர். கட்டிலுக்கு அடியிலதான் இருந்துச்சு. வெளிய எடுத்தா இவ்வள நோவு உண்டான்னு கேட்டு, ஆப்பரேசன தள்ளிப் போட்டுருவாவன்னு இவியதான் எடுக்க விடல."

இதையும் சொன்னார்.

"கொறட்ட உண்டா, தூக்கத்துல மூச்சு முட்டுமான்னு அந்த டாக்டரு கேட்டாவ. இவிய இல்லன்னாவ. நான் பக்கத்துலதான் நின்னேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்? அந்த மெஷின் இனி யாருக்காவது உதவுமா என்று கேட்டார். உதவும் என்றேன். மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். கீழவைப்பார் பஸ் ஏறும்வரை கூடப் போய் நின்றேன்.

5. அதற்குப் பிறகு

எங்கள் அனஸ்தீசியா டாக்டரிடம் சொன்னேன். அந்த உடம்பையும் தடித்த கழுத்தையும் பார்த்த மாத்திரத்திலேயே அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று கோபப்பட்டார். பிறகு அமைதியாகி, மயக்க மருந்தின் மிச்சமும் வலி ஊசியும் சேர்ந்தால் தொண்டை இன்னும் தளரும், விழித்துக்கொள்ளச் சொல்லும் மூளையும் மந்தமாகிவிடும் என்றார். தட்டி எழுப்பவும் ஆள் இல்லை. அண்ணாச்சிக்கு மெஷின் மிகவும் தேவைப்பட்ட பொழுது அந்தச் சாயங்காலம்தான்.

நான் பல நாள் யோசித்தேன். எங்கள் டிபார்ட்மென்டில் டாக்டரிலிருந்து வார்டு ஆயா வரை எல்லாரும் நோயாளியிடம் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "மாஸ்க் போட்டுப் பழகினால்தான் ஆபரேஷன்." பொய் இல்லை. ஆனால் கேட்கிறவர் காதில் அது எப்படி விழுகிறது? உள்ளே விடுவதற்கு முன் எழுத வேண்டிய பரீட்சை மாதிரி. எழுதி முடித்தால் போதும். இன்னொரு வாசலில் பரீட்சையே இல்லை என்றால் அந்தப் பக்கம் போய்விடலாம். அண்ணாச்சி முட்டாள் இல்லை. சொன்ன வாக்கியத்தைச் சொன்னபடிதான் புரிந்துகொண்டார்.

பிறகு நாங்கள் பேச்சை மாற்றினோம். வீட்டு ஆள் ஒருவர் உடன் இல்லாமல் மெஷினைக் கொடுப்பதில்லை. அவர்களையே வாய்விட்டுச் சொல்ல வைப்போம்: எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, பல் பிடுங்கப் போனால்கூட, முதலில் இந்த நோயைச் சொல்ல வேண்டும். சொன்னால் தள்ளிப்போடுவார்கள் என்றால் தள்ளிப்போகட்டும். சில பேருக்கு அலுப்பாக இருக்கும். பரவாயில்லை, நீங்களும் சொல்ல வையுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் சாகுபுரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று. மாஸ்க் நன்றாகப் பழகிவிட்டார். எல்லாம் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஆப்பரேசன் முடிஞ்சிட்டா இத எடுத்து வச்சிரலாம்லா?"

"இல்ல தாயி," என்றேன். "அன்னைக்குத்தான் நீ இத அவர் மூஞ்சியவிட்டு எடுக்கவே விடக்கூடாது."