நாகேஸ் அக்கா வாக்குக்கு விடாத விஷயம்

வெல்லாவெளியில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்திருந்தேன். சோறு விழுந்துவிட்டது, பருப்பு வந்துகொண்டிருந்தது. அப்போது போன் அடித்தது. என் மனைவி. "நாகேஸ் அக்கா போயிட்டா. விடிய எழும்பல்ல. கெதியா வாங்க" என்றாள். கை கழுவக்கூட நினைவில்லாமல் எழும்பி வந்து, றோட்டில் போன ஒருவரின் மோட்டார் சைக்கிளை மறித்து ஏறிக்கொண்டேன். குருக்கள்மடத்துக்கு வந்து சேரும்வரை எனக்கு அழுகை வரவில்லை. அக்காவைப் பற்றிய கதைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. அவரை அறிந்த உங்களிடம் அவற்றில் நாலையாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நாகேஸ்வரி ரீச்சரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். எங்கள் வளவுகளுக்கு நடுவில் ஒரு வேலிதான். தேர்தல் வந்தால் அவர் வாக்கெடுப்பு நிலையத்துக்குத் தலைமை அலுவலர், நான் அவருக்குக் கீழே பெயர் கூப்பிடுகிறவன். ஒருமுறை ஒரு மனிதர் மனைவியோடு சேர்ந்து மறைப்புக்குள் நுழையப் பார்த்தார். "இவளுக்கு ஒண்டும் விளங்காது ரீச்சர், நான் காட்டிக் குடுக்கிறன்" என்றார். அக்கா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "உங்களுக்கு இத்தின வருசமாச் சோறு சமைச்சுத் தாற மனிசிக்கு ஒரு புள்ளடி போடத் தெரியாதோ? வெளியில போய் நில்லுங்க!" அந்தப் பெண் வாக்குப் போட்டுவிட்டுத் திரும்பும்போது முகத்தில் இருந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாக்கு என்றால் அக்காவுக்கு அவ்வளவு பிடிக்கும். தேர்தல் நாளில் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்போல நல்ல சேலை உடுத்துக்கொண்டுதான் வருவார்.

அவருக்கு ஒரே பிள்ளை, சுதன். சுவிஸில் இருக்கிறான், அந்த நாட்டுக் குடியுரிமையும் எடுத்துவிட்டான். ஒருநாள் வேலியடியில் நின்று அக்கா சொன்னார்: "தம்பி, சுதன் ஒரு ஆளை விரும்புறானாம். பேர் லூக்கா. ஓம், ஆம்பிளைதான். நல்லாச் சமைப்பாராம்." நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். "நான் ஒரு கிழமை சாப்பிடாமக் கிடந்தன். மறுகா யோசிச்சன், பிள்ளை சாப்பிட்டானோ எண்டு நான் கேட்கல்லயே. எழும்பிப் போன் எடுத்தன்." அதோடு அவர் பட்டினி முடிந்தது.

பிறகு வந்தது அந்த வாக்கு. சுவிஸ் பாராளுமன்றம் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்யலாம் என்று சட்டம் இயற்ற, எதிர்த்தவர்கள் கையெழுத்துச் சேர்த்து அதைச் சனங்களின் வாக்குக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. சனம் ஓம் என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது அல்லவா என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க கல்யாணம் முடிக்கக்குள்ள எத்தின பேரிட்டக் கேட்ட நீங்க?"

"மாமாட்ட மட்டும்தான்" என்றேன்.

"அவரும் ஓம் எண்டு சொல்லல்லயே!"

உண்மைதான். என் மாமனார் தாலி கட்டும் நேரம்வரை முகத்தை நீட்டிக்கொண்டுதான் இருந்தார். "இந்தத் தேர்தல்ல நிக்கிற ஆள் ஆரு தம்பி? என்ர பிள்ளைதானே? அவன் ஆரிட்டயும் வாக்குக் கேட்டுப் போகல்லயே" என்றார் அக்கா. இத்தனை தேர்தல் நடத்திய மனுசி வாக்கைப் பற்றிக் கோபப்பட்டு நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொரோனா ஊரடங்கு நேரம். றோட்டில் இறங்க ஏலாது, நானும் மனைவியும் வேலியைப் பிரித்துக்கொண்டு போனோம். அக்கா தேர்தல் சேலையை உடுத்திருந்தார்! சுதன் வீடியோவில் இருந்தான், பக்கத்தில் லூக்கா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். "அம்மா, நானும் போட்டன். என்ர கல்யாணத்துக்கு நானே ஓம் எழுதிப் போட்டன்" என்று சுதன் சிரித்தான். அக்கா எழும்புவார், குசினிக்குப் போவார், வெறுங்கையோடு திரும்பி வருவார். முடிவுக்காகக் காத்திருந்ததில் எங்கள் தேத்தண்ணி ஆறிப்போனது. ஓம் பக்கம் பெரிய வித்தியாசத்தில் வென்றுவிட்டது என்று சுதன் கத்தியபோது, நான் என்ன செய்தேனோ தெரியாது, என் மனைவி சொல்லித்தான் கதிரைக்கு மேல் ஏறி நின்றதை அறிந்தேன். அக்கா அழுதார், சிரித்தார், இரண்டையும் சேர்த்துச் செய்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெண்டது சந்தோசம். ஆனாக் கேட்டிருக்கப்படா" என்றார்.

கல்யாணம் முடிந்து இருவரும் ஊருக்கு வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் இங்கே பிரச்சினை தொடங்கியது. எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலம் தாய்வழி வருவது. ஒவ்வொரு குடிக்கும் ஊர்க் கோயிலில் ஒரு திருவிழா உண்டு. அக்காவின் அண்ணன் கணவதிப்பிள்ளைதான் அவர்கள் குடியின் வண்ணக்கர், குடியின் பெயரால் கோயில் காரியம் பார்ப்பவர். சுதன் திருவிழாவில் தன் இடத்தில் நிற்கலாமா கூடாதா என்று கேட்டு அவர் குடிக்கூட்டம் போட்டார். தங்கச்சி மகன் என்றால் எங்கள் ஊரில் தாய்மாமனுக்குச் சொந்தப் பிள்ளைக்கு மேலே. அவருடைய மனம் என்ன பாடுபட்டது என்பதும் எனக்குத் தெரியும். "நிற்கலாம் எண்டு சொல்ற ஆக்கள் கையை உயர்த்துங்க" என்று அவர் தொடங்கவும் அக்கா எழும்பிவிட்டார்.

"எதுக்குக் கை உயர்த்திற? சுதன் என்ர வயித்தில பிறந்தவன். குடி அந்த வழியால வந்தது. நான் உங்கட தங்கச்சியோ இல்லயோ எண்டு எப்ப அண்ணன் வாக்கெடுத்த நீங்க?"

கணவதிப்பிள்ளை அண்ணன் தடுமாறிப்போய், எங்கள் ஊர் மனிதர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்: "சரி, அப்ப மாப்பிள்ளை ஆருட வீட்டுக்குப் போற?" இங்கே கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போவது, வீடும் பெண்ணுக்குத்தான். இரண்டு பேரும் ஆண் என்றால் வீடு எங்கே?

அக்கா யோசிக்கவே இல்லை. "எனக்குப் பொம்பிளப் பிள்ளை இல்லை, வீடு கிடக்கு. லூக்கா அங்க வரட்டும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. ஒரு கையும் உயரவில்லை, எல்லோரும் தேத்தண்ணிக்கு எழும்பிவிட்டார்கள். சுதன் திருவிழாவில் தன் இடத்தில் நின்றான். ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தங்கச்சி வீட்டுப் படி மிதிக்கவும் இல்லை. லூக்கா கும்பிட்டபோது வேறு பக்கம் பார்த்தார். அக்காவுக்கு அதுதான் நோவு. "முழு நாடும் ஓம் எண்டிட்டுது தம்பி. என்ர அண்ணன்ட வாயால ஒரு சொல்லு வரல்ல" என்று அவர் சொன்னது போன மாதம்தான். மருந்து குடிக்கிறபோதும், அண்ணன் வருவாரோ என்று வாசல் படலைப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் குடிப்பார்.

நான் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வரும்போது, மரண அறிவித்தல் ஓட்டோ ஒலிபெருக்கியோடு எதிரே வந்தது. வழக்கமாக அறிவிக்கிறவர் பின்னால் சும்மா இருந்தார். மைக் கணவதிப்பிள்ளை அண்ணனின் கையில். அறிவிக்கிறவரைப்போலவே குரலைக் கட்டி வைத்திருந்தார், ஆனாலும் அது உடைந்துகொண்டே வந்தது. "கணவதிப்பிள்ளையின் பாசமிகு தங்கையும், சுதனின் அன்புத் தாயாரும்..." என்று நிறுத்தினார். மூச்செடுத்தார். "...லூக்காவின் அன்பு மாமியாருமாவார்."

நான் ஓடும் மோட்டார் சைக்கிளிலிருந்து குதிக்காத குறை. இறங்கி, இரண்டு கையையும் விரித்து ஓட்டோவை மறித்தேன். அண்ணன் பயந்துபோனார். "என்ன தம்பி, பிழையாச் சொல்லிப்போட்டனா?"

"இல்ல அண்ணன், சரி, சரி! அக்காட வீட்டு வாசல்ல நிப்பாட்டி இன்னொருக்காச் சொல்லுங்க."

அவர் ஓட்டோக்காரரின் தோளில் தட்டினார். ஓட்டோ திரும்பியது. படலையடியில் நின்று, உள்ளே தங்கச்சி கிடந்த பக்கம் பார்த்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். லூக்காவின் பெயரை மட்டும் இரண்டு தரம் சொன்னார். வீடு நிறைந்த சனம் ஓவென்று அழுதது. எனக்கும் அப்போதுதான் வந்தது.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். எந்தக் கூட்டத்திலும் யாராவது கையை உயர்த்துங்கள் என்றால், என் கை எழும்புமுன் வாய் எழும்புகிறது. எதற்கு என்று கேட்கிறேன். யாரைப் பற்றி என்றும் கேட்கிறேன்.