அளவு பார்க்காமல் தைத்த கவுன்

நெலிடாவுக்கு வாயில் நாலு குண்டூசி இருந்தால்தான் பேச்சே வரும். டெக்சஸின் தெற்கு எல்லையில், ஆற்றையொட்டிய அந்தக் குடியிருப்பில் எந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைந்தாலும், அதற்கென்று நடக்கிற பூசைக்கும் விருந்துக்கும் போடுகிற குடை விரித்த கவுன் அவள் தையல் மெஷினிலிருந்துதான் போகும்.

சுகாதார நிலையத்து நர்ஸ் ரெபேகா முதலில் மாதாகோவில் கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. பற்றி வகுப்பு வைத்தாள். ஒரு தாயும் மகளை அனுப்பவில்லை. போனாலே பெயர் கெட்டுவிடும் என்கிற ஊர் அது. ரெபேகா நேரே நெலிடாவிடம் வந்தாள்.

"அக்கா, அளவு பாக்க உங்க ஸ்டூல்ல ஏறாத பொண்ணு இங்க உண்டா? நீங்க சொல்லுங்க."

"நானா? எனக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுமே!"

"வாயில ஊசிய வச்சுக்கிட்டுச் சொல்லுங்க. யார் மூஞ்சியையும் பாக்க வேணாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. கவுனின் கீழ்விளிம்பு முழுக்க ஊசி குத்தி நிற்கிற பிள்ளை ஓடவா முடியும்? விழா வரை கவுனை யாரும் பார்க்கக் கூடாது என்று தாயை முன்னறையில் காப்பியோடு உட்கார்த்திவிட்டுக் கதவைச் சாத்துவாள். பிறகு தரையில் உட்கார்ந்து விளிம்பைப் பார்த்தே சொல்வாள்.

"கண்ணு, ஒருத்தன் உன்னையே கட்டிக்கிறேன்னு மாதா மேல சத்தியம் பண்ணுவான். பண்ணட்டும். அதைக் கேட்டு நோய் திரும்பிப் போயிடாது. ரெண்டு பேரும் போய் டெஸ்ட் எடுங்க. ஆணுறை வேணாம்னு சொல்றவன்கிட்ட, அப்ப நீயே எனக்கு வேணாம்னு சொல்லிடு."

ஆறு வருடமாக எத்தனையோ பிள்ளைகள் அந்த ஸ்டூலில் ஏறி இறங்கினார்கள். அவள் மகள் இட்செல் மட்டும் ஏறவில்லை. மூன்று வருடத்துக்கு முன் இட்செலுக்குப் பதினைந்து நிறைந்தபோது, திடீரென்று காட்டி அசத்த வேண்டும் என்று, பிள்ளை பள்ளிக்குப் போன நேரத்தில் அவளுடைய பழைய பாவாடையை வைத்தே அளவெடுத்துத் தைத்துவிட்டாள். ஒரு ஊசி குத்தாமலே கவுன் கச்சிதமாக உட்கார்ந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு.

மகளுக்கு மட்டும் புத்தி சொல்ல மறந்துவிட்டாள் என்பார்கள். மறக்கவெல்லாம் இல்லை. சொன்னால், அதெல்லாம் சொல்ல வேண்டிய பெண் தன் மகள் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதுதான் விஷயம்.

இந்தப் பிப்ரவரியில், புது வேலைக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் இட்செலுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இரண்டு வருடம் கூடப் பழகிய ஒரே பையனிடமிருந்து வந்தது. தினம் ஒரு மாத்திரை, விடாமல் சாப்பிட்டால் எல்லாரையும் போல வாழலாம் என்று ரெபேகா படித்துப் படித்துச் சொல்லி பாட்டிலைக் கொடுத்தாள். பன்னிரண்டு நாளாக அது செருப்புப் பெட்டிக்குள் திறக்காமல் கிடந்தது. தாயிடம் ஒரு பேச்சில்லை.

சனிக்கிழமை சித்தி மகளின் பதினைந்தாம் வயது விழா. தோழிகள் வரிசையில் இட்செலும் நிற்க வேண்டும். அதற்கென்று தைத்து வைத்திருந்த கவுன், இந்தச் சில நாளில் மெலிந்துபோனவள் மேல் தொளதொளவென்று தொங்கியது. அவளாகவே வந்து ஸ்டூலில் ஏறினாள். நெலிடா ஊசிகளை வாயில் வைத்தாள். பேச்சு வரவில்லை.

"சொல்லு," என்றாள் மகள்.

"என்னத்தடி சொல்ல?"

"எல்லாருக்கும் சொல்றியே, அதை. ஒரு வார்த்தை விடாம."

"இப்ப எதுக்கு..."

"எதிர்வீட்டு நாயலிக்குச் சொன்னேல்ல? 'உங்க அம்மா என்னடி இப்படியெல்லாம் பேசுது'ன்னு வந்து சிரிச்சா. எனக்கும் தெரிஞ்ச மாதிரி நானும் சிரிச்சேன்."

நெலிடா விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சத்தியம், டெஸ்ட், ஆணுறை, எல்லாம். கை பாட்டுக்கு ஊசி குத்திக்கொண்டே போனது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அஞ்சு நிமிஷம்கூட ஆகலையேம்மா."

இட்செல் காலில் ஊசி குத்திவிடாமல் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். "மாத்திரை சாப்பிடறேன். உனக்காக இல்ல," என்றாள்.

உள்ளே செருப்புப் பெட்டி திறக்கிற சத்தம், பாட்டில் மூடி திருகுகிற சத்தம், பிறகு குழாய்த் தண்ணீர். நெலிடா தரையிலேயே இருந்தாள். வாய்விட்டு அழ முடியவில்லை. மிச்ச ஊசிகள் இன்னும் வாயில்தான் இருந்தன.