கருவேலம் புஷ்

எந்த வண்டி கடந்தாலும் ஆண்டிச்சாமி நடையை நிறுத்திவிடுவார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, வலது கட்டைவிரலால் ஆட்காட்டி விரல் நுனியை மெதுவாகத் தேய்ப்பார். விரலில் மை இருக்கிறதா, உலர்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல இருக்கும். வண்டி தூசிக்குள் மறைந்த பிறகுதான் கை கீழே இறங்கும். கூடப் பேசிக்கொண்டு வந்தவர் பாதிப் பேச்சோடு காத்திருக்க வேண்டியதுதான்.

மணமேல்குடிக்கும் அறந்தாங்கி ரயிலடிக்கும் இடையே வில்வண்டி ஓட்டியவர் அவர். ஜெய்னுலாப்தீன் அதே சாலையில் வாடகைக் கார் விட்ட பிறகு வண்டியில் ஏற ஆளில்லாமல் போயிற்று. மாடுகளை விற்றுவிட்டு அந்தக் காரையே துடைக்க, கழற்றி மாட்ட வேலைக்குச் சேர்ந்தார். கார் ஓட்டுபவன் நாகராசு. “மாட்டை அவுத்துட்டு மாமா காரைப் பூட்டியிருக்காரு” என்பான். ஆண்டிச்சாமியும் சிரித்து வைப்பார்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்த வருடங்கள். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் காரின் பின்பக்க ஸ்பிரிங் வில் கிரீச்சென்று கத்தத் தொடங்கியது. வில்லின் முனை வளையத்தில் ஓர் இரும்பு ஆணி. இரண்டும் உரசாமல் இருக்க நடுவே ஒரு ரப்பர் குழல். அதைப் புஷ் என்பார்கள். சத்தம் அங்கிருந்துதான் வந்தது. வில்வண்டி கத்தினால் என்ன செய்வாரோ அதையே செய்தார். மண்ணெண்ணெய் விட்டு இளக்கினார். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த வண்டி மையை அப்பினார். சத்தம் அடங்கியது. சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் அப்பினார்.

சில நாளில் ரப்பர் ஊறி உப்பி, களிபோல் பிதுங்கிவிட்டது. இப்போது இரும்போடு இரும்பு உரசியது. காரின் அலறலில் சந்தைக்கு வந்த மாடுகள் மிரண்டன. புது ரப்பர் திருச்சியில்கூட அகப்படவில்லை.

“ரப்பருக்கு எண்ணெய் ஆகாதுன்னு தெரியாதாப்பா ஒனக்கு?” என்றார் ஜெய்னுலாப்தீன்.

“வண்டிக்கு ஆகும்ங்க, மொதலாளி.”

“இது ஒன் வண்டி இல்லையே. திங்கக்கெழமை வரைக்கும் பாரு. சத்தம் நிக்கலேன்னா நீ வேற எடம் பாத்துக்க.”

ரப்பருக்கு மை ஆகாது, சரி. மைக்கு எது ஆகும்? இந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்குப் போனார். வேலியோரம் மாடில்லாத வில்வண்டி நின்றது. சக்கரத்தின் நடுக்குடம் கருவேல மரம். வருடக்கணக்காக எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. ரம்பத்தை எடுத்தார்.

மனைவி அழகம்மாள் வாசலுக்கு வந்தாள். “அதையும் அறுத்துட்டா? நாளைக்கி அவுக வேணாம்னுட்டா எதை ஓட்டுவீக?”

“மாடு இருக்கா ஓட்ட?”

“வண்டி இருந்தா மாடு வாங்கலாம்.”

அவர் கொஞ்ச நேரம் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அறுத்தார்.

கட்டில் கால் கடையும் உடையப்பன் ஆசாரி அந்த மரத்தைக் குழலாகக் கடைந்து கொடுத்தார். “காருக்கு மரக்குழாயா? றெக்கையும் கடைஞ்சு தரவா, பறக்கட்டும்” என்று கேலி வேறு. ஆண்டிச்சாமி குழல்களை விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, வில்லில் இறுக்கி, மையை மனசு தீர அப்பினார்.

திங்கட்கிழமை காலை ஜெய்னுலாப்தீன் ஒரு விருந்தாளியோடு வந்தார். விருந்தாளியின் பையை ஆண்டிச்சாமியே தூக்கிக் காரில் வைத்தார், கனமான பை. கார் அறந்தாங்கிச் சாலையில் போனது. அவர் அங்கேயே காதைச் சாய்த்து நின்றார். முதல் பள்ளம், இரண்டாவது பள்ளம். என்ஜின் சத்தம் மட்டும் தேய்ந்துகொண்டே போயிற்று.

திரும்பி வந்ததும் விருந்தாளி குனிந்து வில்லைப் பார்த்தார். “என்ன மரம்?”

“கருவேலங்க. நம்ம வண்டிச் சக்கரம்.”

விருந்தாளி தலையாட்டினார். “வாரா வாரம் மை போட மறந்துறாதே” என்றார் ஜெய்னுலாப்தீன். விருந்தாளியை அன்று சாயங்காலமே ரயிலேற்றி விட்டார்கள்.

சண்டை முடிந்த பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் நாகராசு சொல்லித்தான் தெரிந்தது: அந்த ஆள் விருந்தாளி அல்ல, கீரனூர் மெக்கானிக். ஆண்டிச்சாமியின் வேலைக்குப் பேசி வரவழைக்கப்பட்டவர். பை நிறைய ஸ்பானர்கள்.