ராத்தா கேட்ட பெயர்

எண்பதுகளில் நான் லண்டனில் ஆய்வு மாணவன். தலைமயிரிலும் மெல்லிய கம்பியில் பெருமின்சாரம் பாய்ச்சி வெடிக்க வைப்போம். கம்பி கண நேரத்தில் அடர்ந்த பிளாஸ்மாவாகும். அது உமிழும் எக்ஸ்ரே கதிரைப் பிலிமில் பிடிப்போம். என் பிலிம்களிலெல்லாம் கறுப்புப் புள்ளிகள். கழுவும்போது பட்ட கறை, ஆய்வே பாழ் என்று பயந்தேன். விடுமுறைக்கு இலங்கையில் என் ஊரான மருதமுனைக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. பிலிம்களைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் நடந்தேன்.

தறியில் நெய்துகொண்டிருந்த என் அக்கா, ராத்தா, ஒன்றை வாங்கி, துணியில் பிழை பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது கறையில்ல தம்பி. கறையெண்டா கண்டபடி விழும். இது ஒரே இடைவெளியில வருது. தறியில பிழையெண்டாத்தான் துணியில இப்பிடி வரும்."

அடிமட்டம் வைத்து அளந்தேன். ராத்தா சொன்னது சரி. பிளாஸ்மா தன்னைத்தானே இறுக்கி மணிமணியாக உடைந்த இடங்கள் அவை. என் ஆய்வேடே அதைப் பற்றியதுதான்.

அடுத்த விடுமுறையில் ஆய்வேட்டைக் கொண்டுவந்து, நன்றி சொல்லும் பக்கத்தைக் காட்டினேன். ராத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது.

"இதுல என்ட பேர் எது தம்பி?"

நெசவு செய்யும் ராத்தா கண்டுபிடித்தார் என்று எழுத வெட்கப்பட்டு, அவர் பெயரை விட்டிருந்தேன். பேராசிரியரின் பெயரில் விரலை வைத்தேன். ராத்தா அதை மெல்லத் தடவிப் பார்த்தார்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இன்றும் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுகிறார். ஆங்கிலம் தெரிந்தவர் யாராவது வந்தால், நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.